ஃப்ரீமான்ட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஸ்கூல் பத்துக்கு எத்தனை?" வீடு விற்கும் தளங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். நானும் வந்த புதிதில் அந்த எண்ணை மட்டும் பார்த்துத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் இங்கே படித்து வளர்ந்த இத்தனை வருடத்தில், அந்த எண்ணைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இருக்கின்றன என்று புரிந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நூலகர் இருப்பாரா, இசை வகுப்பு தொடருமா என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் நம் ஊரிலேயே, நாம் நேரில் போய்ப் பேசக்கூடிய ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விசாவில் வந்தவர்கள் பலர் "நமக்கு ஓட்டு இல்லையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தை முதலில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அங்கே அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் நியமனம், இடமாறுதல், பாடப்புத்தகம், பொதுத்தேர்வு எல்லாம் சென்னையிலிருந்து வரும். மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் இருப்பார், அவரும் அரசு நியமித்தவர். இங்கே ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அது தனி அரசாங்கம் மாதிரி. அதற்கென்று தேர்தல், பட்ஜெட், ஊழியர்கள், நிலம், கடன் எல்லாம் உண்டு. நகர மேயருக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை. பள்ளி வாசலில் காலை நெரிசல் பற்றிப் புகார் என்றால் சாலை நகரசபையுடையது, வளாகம் டிஸ்ட்ரிக்ட்டுடையது. இது தெரியாமல் தப்பான கூட்டத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்பியவர்கள் உண்டு.

முதல் வேலை: உங்கள் முகவரி எந்த டிஸ்ட்ரிக்ட்?

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ஃப்ரீமான்ட் யூனிஃபைடு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஃப்ரீமான்ட் நகரத்துடையது. ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சன்னிவேல், கூப்பர்ட்டினோ பகுதிக்கானது. "யூனிஃபைடு" என்றால் சின்ன வகுப்பிலிருந்து 12 வரை ஒரே நிர்வாகம். "யூனியன் ஹைஸ்கூல்" என்றால் 9 முதல் 12 வரை மட்டும். கீழ் வகுப்புகள் வேறு டிஸ்ட்ரிக்ட்டில், வேறு போர்டின் (மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு) கீழ் இருக்கும். கூப்பர்ட்டினோவில் வீடு எடுத்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட் நகரம் 1956-இல் சென்டர்வில், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, நைல்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்து உருவானது. பள்ளிகள் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தது 1964-இல். இன்றும் ஆட்கள் "நாங்க மிஷன்", "நாங்க இர்விங்டன்" என்று பழைய ஊர்ப் பெயரில் பேசிக்கொள்வதற்கு ஹைஸ்கூல் எல்லைகளும் ஒரு காரணம். அமெரிக்கன், இர்விங்டன், ஜான் எஃப் கென்னடி, மிஷன் சான் ஹோசே, வாஷிங்டன் என்று ஐந்து ஹைஸ்கூல்கள். எந்தப் பள்ளி என்பதை முகவரிதான் தீர்மானிக்கும்.

வாடகைக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் முகவரியைப் போட்டுப் பள்ளியைக் கண்டுபிடியுங்கள். வீட்டு ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நியூஆர்க்கும் யூனியன் சிட்டியும் ஒட்டியே இருக்கின்றன, அவை வேறு டிஸ்ட்ரிக்ட். அப்புறம், உங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வகுப்பு நிரம்பிவிட்டால் டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ளேயே வேறு பள்ளிக்கு அனுப்பலாம். தெரு முனையில் பள்ளி இருந்தும் தினமும் காரில் கொண்டுபோய் விடும் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

சேர்க்கை

பிறந்த தேதிக்கு ஆதாரம், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை வேண்டும். விசா நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. 1982-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தடுப்பூசியில்தான் நம்மவர்கள் மாட்டுவார்கள். நம் ஊர் அரசு அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை, இங்கே அது கட்டாயம். கிளம்பும் முன்பே போட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படிவங்களோடு வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் வரும். பிள்ளை முதன்முதலில் பேசக் கற்ற மொழி எது என்பது அதில் ஒன்று. தமிழ் என்று எழுதினால் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், 30 நாளைக்குள். "இங்கிலீஷ்னு எழுதிடுங்க, இல்லன்னா தனி வகுப்புல போட்டுடுவாங்க" என்று வாட்ஸ்அப் குழுக்களில் அறிவுரை வரும். தயவுசெய்து கேட்காதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை முதல் தேர்விலேயே தேறிவிடும், அதோடு முடிந்தது. தடுமாறுகிற பிள்ளைக்கு உதவி கிடைப்பதற்கான கதவே இந்தத் தேர்வுதான், அதற்கென்று பள்ளிக்குப் பணமும் வருகிறது. என் மகளிடம் அந்தப் படிவத்தைக் காட்டி, "உன் முதல் மொழி தமிழ்னு எழுதியிருக்கேன்" என்றபோது அவள் எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தாள். அதில் வேறெதையும் எழுத எனக்கு மனம் வந்திருக்காது.

செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது முடிந்தால், 2025-26 கல்வியாண்டிலிருந்து டி.கே. எனப்படும் முன்மழலை வகுப்பு எல்லோருக்கும் இலவசம். மாதம் இரண்டாயிரம் டாலர் டே-கேருக்குக் கட்டுகிற வீட்டில் இதன் அருமை தெரியும்.

யார் முடிவெடுக்கிறார்கள்

மேலே இருப்பது போர்டு. ஐந்து உறுப்பினர்கள், நான்கு ஆண்டுப் பதவி, இரட்டைப்படை ஆண்டு நவம்பரில் தேர்தல். ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு ஓர் உறுப்பினர். மொத்த ஊரும் சேர்ந்து எல்லோரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே உங்கள் பகுதியின் உறுப்பினர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் அனுப்பினால் முதலில் கவனிக்க வேண்டியவர் அவர்தான்.

போர்டு நேரடியாக வேலைக்கு வைப்பதும் கணக்குக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே ஓர் ஆளை. அவர் சூப்பரின்டெண்டென்ட். அன்றாட நிர்வாகம் முழுவதும் அவர் கையில். ஆசிரியர் சம்பளம், வகுப்பு அளவு போன்றவற்றை ஆசிரியர் சங்கத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1975-இலிருந்து சங்கத்துக்கு அந்தச் சட்ட உரிமை இருக்கிறது. இதனால்தான் பிரின்சிபலிடம் போய் "வகுப்பில் ரெண்டு பிள்ளைங்களைக் குறைங்க" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கையில் இருப்பது அட்டவணை, ஒழுங்கு, எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் என்பது போன்றவை.

டிஸ்ட்ரிக்ட்டின் கணக்கை மேற்பார்வை பார்ப்பது அலமீடா கௌன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கல்வி அலுவலகம். அதற்கு மேல் மாநிலம். இந்த மேற்பார்வை சும்மா சம்பிரதாயம் இல்லை. இதே கௌன்டியில் ஓக்லாந்து டிஸ்ட்ரிக்ட் 2003-இல் பணமில்லாமல் திணறியபோது மாநிலம் 10 கோடி டாலர் கடன் கொடுத்து நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. ஊர் தேர்ந்தெடுத்த போர்டுக்கு அதிகாரம் போய்விட்டது. அந்தக் கடனின் சுமை 20 ஆண்டுக்கு மேல் நீண்டது.

பணம் எங்கிருந்து வருகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிஸ்ட்ரிக்ட்டில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு வேர் இங்கேதான்.

"நான் வீட்டுக்கு இவ்வளவு வரி கட்டுறேன், என் ஸ்கூலுக்குத்தானே போகுது?" என்று வீடு வாங்கியவர்கள் கேட்பார்கள். முழுக்க அப்படி இல்லை. 1978-இல் புரொபசிஷன் 13 என்று ஒன்றை மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் அடிப்படை வரி கிடையாது, அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு வரும். அதனால் 1985-இல் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டும் வரி, நேற்று வாங்கிய உங்கள் வரியில் ஒரு சின்னப் பங்காக இருக்கும். அந்த ஒரு சதவீதத்தையும் நகரம், கௌன்டி, பள்ளி எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. பள்ளிகளுக்கு விழுந்த துண்டை மாநிலம் அடைக்க ஆரம்பித்தது. 1988-இல் வந்த புரொபசிஷன் 98, மாநிலத்தின் பொது வருவாயில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதி செய்தது.

இப்போது நடப்பது 2013-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் வந்த முறை. எல்.சி.எஃப்.எஃப். என்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பைப் பொறுத்து ஓர் அடிப்படைத் தொகை. 2023-24 கணக்கில் சுமார் 10 ஆயிரம் முதல் 12 ஆயிரம் டாலர். ஆங்கிலம் கற்கும் பிள்ளை, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை என்றால் அதோடு 20 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால் தாண்டிய பங்குக்கு இன்னொரு பெரிய தொகை உண்டு. ஃப்ரீமான்ட் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே பக்கத்து ஹேவர்டைவிட ஃப்ரீமான்ட்டுக்குத் தலைக்கு வரும் தொகை குறைவு. தேவை அதிகம் உள்ள இடத்துக்குப் பணம் அதிகம் போவது நியாயம்தான் என்பது என் எண்ணம். ஆனால் "நல்ல டிஸ்ட்ரிக்ட், பணக்கார டிஸ்ட்ரிக்ட்" என்று நினைத்து வருபவர்கள், பி.டி.ஏ. எனப்படும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நன்கொடைக் கடிதம் வந்தவுடன் திகைத்துப் போவது இதனால்தான். உள்ளூர்ச் சொத்து வரியே மாநிலக் கணக்கைத் தாண்டும் பாலோ ஆல்டோ மாதிரி இடங்கள் வேறு கதை. அவை அந்த உபரியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கலிஃபோர்னியா பணம் தருவது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இல்லை, வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் சராசரிக்கு. ஒரு கல்வியாண்டு 180 நாள். தலைக்கு 11 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் விடுப்பு ஏறத்தாழ 60 டாலர். பொங்கலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று டிசம்பர் விடுமுறையோடு இன்னும் நாலு வாரம் ஊரில் இருந்தால், பள்ளிக்கு 1,200 டாலர் போய்விடும். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் பள்ளி அலுவலகத்தில் இண்டிபெண்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் கேளுங்கள். ஆசிரியர் தரும் பாடங்களைப் பிள்ளை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்காகும். ஊரிலிருந்து திரும்பி வந்து கேட்டால் நடக்காது.

அதே மாதிரி, பள்ளி உணவுக்காகக் குடும்ப வருமானத்தைக் கேட்கும் படிவம். 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். அதனால் "இனி அந்தப் படிவம் எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 20 சதவீதக் கூடுதலைக் கணக்கிட அந்தப் படிவம்தான் வேண்டும். ஒரே சம்பளத்தில் ஐந்து பேர் இருக்கும் வீடு என்றால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி பாண்டும் பார்சல் டாக்ஸும். கட்டடத்துக்கு வாங்கும் கடன் பாண்டு. 55 சதவீத ஓட்டு வேண்டும். அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் தர முடியாது. மக்கள் குழு ஒன்று செலவைக் கண்காணிக்க வேண்டும். 2014 ஜூனில் மெஷர் ஈ என்ற பெயரில் 65 கோடி டாலருக்கு ஃப்ரீமான்ட் மக்கள் சம்மதம் கொடுத்தார்கள். 7, 8 வகுப்பு மட்டும் இருந்த ஜூனியர் ஹைஸ்கூல்கள் 6 முதல் 8 வரையான மிடில் ஸ்கூல்களாக மாறியது அந்தப் பணத்தில்தான். பார்சல் டாக்ஸ் என்பது ஒரு மனைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி. இதை ஆசிரியர்களுக்கும் திட்டங்களுக்கும் செலவழிக்கலாம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2016-இல் ஃப்ரீமான்ட்டில் தேறியது வருடம் 73 டாலர்.

வீடு வாங்கியவர்கள் சொத்து வரி பில்லை ஒருமுறை மேசையில் விரித்துப் பாருங்கள். டிசம்பர் 10, ஏப்ரல் 10 கெடுவுக்குக் கட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். மேலே 1 சதவீத வரிக்கென்று ஒரு வரிசை இருக்கும். அதன் கீழே, மக்கள் ஓட்டுப் போட்ட கடன்கள்: பள்ளி டிஸ்ட்ரிக்ட், ஓலோனி கல்லூரி, பார்ட் ரயில். அதற்கும் கீழே மனைக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணங்கள். எந்தத் தேர்தலில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற ஊரின் வரலாறே அந்த ஒரு தாளில் இருக்கிறது.

செலவுப் பக்கம் எளிது. பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும். ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கு 19 டாலருக்கு மேல் டிஸ்ட்ரிக்ட்டே ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டும். ஆகவே வருமானம் குறைந்தால் வெட்டுவதற்கு ஆட்கள்தான் இருக்கிறார்கள். கோவிட் கால மத்திய நிதி 2024 செப்டம்பரோடு நின்றது. வீட்டு விலையால் இளம் குடும்பங்களும் குறைகின்றன. மார்ச் 15-ஐ ஒட்டி "ஆட்குறைப்பு நோட்டீஸ்" என்று பள்ளி வாசலில் பேச்சு அடிபடும். சட்டப்படி முன்னறிவிப்புக்கு அதுதான் கடைசித் தேதி. எல்லோருக்கும் வேலை போவதில்லை, மே நடுவில் இறுதி முடிவு தெரியும். ஆனால் உங்கள் பிள்ளையின் ஆசிரியர் அந்த இரண்டு மாதமும் என்ன மனநிலையில் பாடம் நடத்துகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது

பத்துக்கு எத்தனை என்ற எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். மதிப்பெண் பெற்றோரின் படிப்போடும் வருமானத்தோடும் கூடவே நடக்கும். பொறியாளர்கள் குவிந்திருக்கும் தெருவில் எண் உயரமாக இருப்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மாநிலத்தின் கலிஃபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு தளத்துக்குப் போங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறம். சிவப்பு மோசம், நீலம் நன்று. இந்த வருட நிலையும், போன வருடத்திலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதும் சேர்ந்துதான் நிறம் வரும். ஆங்கிலம், கணக்குத் தேர்வு 3 முதல் 8 வரையும் 11-ஆம் வகுப்பிலும் நடக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதை இல்லை. நாள்பட்ட விடுப்பு என்ற கட்டத்தைப் பார்ப்பேன். 180 நாளில் 18 நாள் வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பது அது. பிள்ளைக்கு அங்கே போகப் பிடிக்கிறதா என்பதற்கு அதைவிட நேர்மையான அளவு எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு பிரிவுப் பிள்ளைகளின் நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தத்தில் நீலமாக இருக்கும் பள்ளியில் சிறப்புக் கல்விப் பிள்ளைகள் ஆரஞ்சில் இருக்கலாம். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவோ, உங்களுக்கு அந்த நிறம்தான் பள்ளி.

போய்ப் பேசுவது

தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். கூட்டத்தில் பேச அது தேவையில்லை. பிரவுன் சட்டம் என்று 1953-இல் வந்த ஒரு சட்டம், போர்டு கூட்டங்கள் திறந்த கதவோடு நடக்க வேண்டும் என்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன் நிகழ்ச்சிநிரல் வெளியாக வேண்டும், பொதுமக்களுக்குப் பேச நேரம் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம். ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளையைத் தினம் பள்ளிக்கு அழைத்துப் போகும் பாட்டிகூடத் தமிழில் பேசலாம்.

எல்லாக் கூட்டத்துக்கும் போக முடியாது. ஜூன் மாதத்து இரண்டு கூட்டங்களை மட்டும் குறித்து வையுங்கள். எல்கேப் என்று அழைக்கப்படும் மூன்றாண்டுத் திட்டமும் பட்ஜெட்டும் ஜூலை 1-க்குள் நிறைவேற வேண்டும். முதல் கூட்டத்தில் மக்கள் கருத்து, வேறொரு கூட்டத்தில் ஓட்டெடுப்பு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கக்கூடாது. முதல் கூட்டத்தில் பேசினால்தான் பயன். பட்ஜெட்டின் உடல்நிலை தெரிய டிசம்பர் நடுவிலும் மார்ச் நடுவிலும் வரும் இடைக்கால அறிக்கைகளைப் பாருங்கள். "பாசிட்டிவ்" என்றால் இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் செலவைச் சமாளிக்க முடியும். "குவாலிஃபைடு" என்றால் முடியாமல் போகலாம். "நெகட்டிவ்" என்றால் முடியாது.

பெரிய அறை பயமாக இருந்தால் பள்ளியிலேயே தொடங்கலாம். ஸ்கூல் சைட் கவுன்சில் என்ற குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு, பள்ளியின் ஆண்டுத் திட்டத்தையும் அதற்கான பணத்தையும் அதுதான் பார்க்கிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களின் பெற்றோருக்கென்று தனிக் குழு இருக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் அளவிலும் ஒன்று உண்டு; எல்கேப் பற்றி அது எழுப்பும் கேள்விகளுக்கு சூப்பரின்டெண்டென்ட் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் வாங்கிய பதில் அடுத்த வருடமும் கையில் இருக்கும். இந்தக் குழுக்களில் எதற்கும் விசா கேட்பதில்லை, பல நேரம் ஆள் கிடைக்காமல்தான் தேடுகிறார்கள்.

நான் முதன்முறை போர்டு கூட்டத்தில் பேசப் போனபோது, எழுதிக்கொண்டு போன தாள் இரண்டு பக்கம். எதிரே ஒரு கடிகாரம் மூன்று நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றரைப் பக்கம் படிப்பதற்குள் முடிந்துவிட்டது, கேட்க வந்த விஷயம் கடைசிப் பத்தியில் நின்றுபோனது. இப்போது போகிறவர்களுக்கு நான் சொல்வது: பெயர், பள்ளி, என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சிநிரலில் அந்த விஷயத்தின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடம் இருபது வினாடிக்குள் முடிந்தால் அங்கே சரியாக இருக்கும்.